கண்ணை எடுக்காதே

லோகநாதன்: முழங்கைய வெளிய நீட்டாத. ரெண்டும் விலாவோட ஒட்டிகினு இருக்கணும். அப்பதான் கேமரா ஆடாது.

எழில்மொழி: வயிறு இடிக்குது மாமா.

லோகநாதன்: வயித்து மேலயே வெச்சிக்கோ. அதவிட நல்ல ஸ்டாண்டு ஏது.

எழில்மொழி: கிண்டல் பண்ற நேரமா இது...

லோகநாதன்: இல்லம்மா... சரி, இந்தாண்ட லிவரு. ஒரு படம் எடுத்ததும் கட்டை விரலால முழுசா இழுக்கணும். இழுக்கச் சொல்லோ இடது பக்கம் மேல கீற குமிழு சுத்தணும். கண்ணால பாக்க முடியலன்னா விரல வெச்சிப் பாரு. சுத்தலன்னா உள்ள ஃபிலிம் இல்லன்னு அர்த்தம். புதுசா எடுக்கறவங்க அங்கதான் ஏமாறுவாங்க.

எழில்மொழி: இப்ப சுத்தலியே.

லோகநாதன்: இன்னும் ரோல் போடல. மொதல்ல பழகு, அப்பால போடறேன்.

எழில்மொழி: சாவு மேளம் கிட்ட வந்துடுச்சி மாமா. அவர எதிர் வூட்டுல படுக்க வெச்சிகினு, என்ன இங்க ஜெரினா அக்கா வூட்டுல பூட்டி வெச்சிகினு... காத்தாலர்ந்து கதவத் தொறக்க வுடல. இதெல்லாம் கத்துகினு இன்னா பண்ணப் போறேன்? ஒரு தபா மூஞ்சியப் பாத்துட்டு வந்துட்டா போதும் எனக்கு.

லோகநாதன்: புள்ளத்தாச்சி சாவப் பாக்கக் கூடாதுன்னு எங்கம்மா வாசப்படில குந்திகினு கீது. பொண்டாட்டியா போனா உன்ன வுடாது. போட்டோ எடுக்கப் போனா... வுடலாம்.

எழில்மொழி: ஸ்டூடியோ வெச்சிகிறது நீங்க. நான் ஏன் எடுக்கறேன்னு கேக்க மாட்டாங்களா?

லோகநாதன்: தம்பி போன துக்கத்துல குடிச்சிட்டேன், கை ஆடுதுன்னு சொல்லப் போறேன். என் அசிஸ்டென்ட் குணசேகரன் பொன்னேரிக்கு கல்யாணம் எடுக்கப் பூட்டான், அது நெசம். நீ எக்ஸ்போர்ட் கம்பெனில தைக்கறவ, ஆடாத கை. ஆனா அம்மாவ லேசுல ஏமாத்த முடியாது. இந்தத் தெருவுல நான் எடுத்த சாவு போட்டோ எல்லாத்துக்கும் பக்கத்துல நின்னுகிது. நீ கேமராவ ஏனோதானோன்னு புடிச்சா டபாய்க்கிறோம்னு கண்டுபுடிச்சிடும். அப்பால ஜென்மத்துக்கும் என் தம்பி அறிவு மூஞ்சியப் பாக்க முடியாது உன்னால.

எழில்மொழி: ...சொல்லுங்க. கத்துக்கறேன்.

லோகநாதன்: கண்ண வை. இன்னா தெரியுது?

எழில்மொழி: ஜெரினா அக்கா காலண்டரு. நடுவுல வட்டம் கீது. வட்டத்துக்குள்ள மட்டும் ரெண்டா வெட்டின மாதிரி...

லோகநாதன்: மேல் பாதி ஒரு பக்கம், கீழ் பாதி ஒரு பக்கம் நிக்கும். முன்னாடி கீற வளையத்தத் திருப்பு. ரெண்டு பாதியும் ஒண்ணாவணும்.

எழில்மொழி: ...ஆயிடுச்சி.

லோகநாதன்: மூச்ச பாதி வுட்டுட்டு நிறுத்து. அப்ப அமுக்கு. குத்தாத. பதமா.

சொக்கம்மாள்: இன்னாடா நடக்குது இங்க?

லோகநாதன்: ஒண்ணியும் இல்லம்மா.

சொக்கம்மாள்: ஒண்ணியும் இல்லாததுக்கு அவ கைல ஏன் பொட்டி? அங்க உன் தம்பியக் குளிப்பாட்டி மால போட்டாச்சி. தூக்கறதுக்கு ஆளுங்க நின்னுகினு கீறாங்க. போட்டோ எடுக்கறேன்னியே, வா.

லோகநாதன்: என்னால முடியாதும்மா. குடிச்சிட்டேன். கையப் பாரு.

சொக்கம்மாள்: ஊது.

லோகநாதன்: ம்மா...

சொக்கம்மாள்: ஊதுடா. ...த்தூ. கூடப் பொறந்தவன் பொணமா கெடக்கச் சொல்லோ குடிச்சிட்டு வந்து நிக்கிறியே, மனுசனா நீ? ஜெரினா, கேட்டியாம்மா? எல்லாரும் கேளுங்க இவன் லட்சணத்த.

லோகநாதன்: திட்டு, வாங்கிக்கறேன். எழிலு எடுக்கட்டும்.

சொக்கம்மாள்: யாரு, இவளா? மாசம் நெறஞ்ச வயித்தோட புருசன் பொணத்தப் பாக்கப் போறாளா?

லோகநாதன்: பாக்கறது இல்லம்மா. கேமராவுக்குள்ள கண்ணாடி கீது. அதுல வுழுறதத்தான் பாக்கறா. கிரகணத்த வாளித் தண்ணில பாக்கறோமே, அந்த மாதிரி.

சொக்கம்மாள்: கிரகணத்தன்னிக்கு புள்ளத்தாச்சி வாளிப் பக்கமே போவ மாட்டாடா, கூறு கெட்டவனே.

லோகநாதன்: அப்ப போட்டோவே வாணா. ஊரான் சாவுக்கெல்லாம் ஓடி ஓடி எடுத்தேன். ஹார்பர்ல கிரேன் கொக்கி அறுந்து வுழுந்து செத்த என் தம்பிக்கு ஒண்ணும் இல்லாம போவட்டும். ரெண்டாயிரமாவது வருசத்துல பொறக்கப் போற புள்ளன்னு பீத்திகினு திரிஞ்சானே... அந்தப் புள்ள நாளைக்குக் கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ.

எழில்மொழி: அத்தை. எடுத்துட்டு வந்துடறேன். அங்க இங்க பாக்க மாட்டேன்.

சொக்கம்மாள்: பொட்டிலர்ந்து கண்ண எடுக்கக் கூடாது. எடுத்தியோ, அந்த நிமிசமே இழுத்துகினு வந்துருவேன். ஒண்ணே ஒண்ணு. இந்தா, இந்த வேப்பிலைய இடுப்புல சொருகு.

லோகநாதன்: ரோல் போட்டுட்டேன், புடி எழிலு. இங்கியே கண்ண வெச்சிக்கோ. அம்மா தோளப் புடிச்சி கூட்டிகினு வரும்.

சொக்கம்மாள்: படி கீது, கால எட்டி வை... சாக்கட... தாண்டு. வழி வுடுங்கம்மா. பொட்டி வழியாத்தான் பாக்கறா. யாரும் வாயத் தொறக்காதீங்க.

லோகநாதன்: நில்லு. இன்னா தெரியுது?

எழில்மொழி: சாமந்தி. வெறும் மாலதான் தெரியுது.

லோகநாதன்: மெள்ள மேல தூக்கு. இடது பக்கம் தலைல கட்டு கீது. நீ வலது பக்கமா நவுரு. எந்தப் பக்கம் நல்லா கீதோ அந்தப் பக்கம் நின்னு எடுக்கணும், யாரா இருந்தாலும். அப்பறம் வெளிச்சம் உன் முதுகுல படணும். எதிர்ல வெளிச்சம் வந்தா மூஞ்சி கறுத்துப் பூடும்.

சொக்கம்மாள்: வாசல மறைக்காதீங்க. நவுருங்க, நவுருங்க. வெளிச்சம் வரட்டும்.

லோகநாதன்: எழிலு, இன்னா தெரியுது சொல்லு.

எழில்மொழி: ரெண்டா கீறாரு.

லோகநாதன்: வளையத்தத் திருப்பு.

சொக்கம்மாள்: எம்மாம் நேரம்டா?

லோகநாதன்: இரும்மா. அவசரப்பட்டா கெட்டுப் பூடும்.

எழில்மொழி: ஒண்ணாயிட்டாரு.

சொக்கம்மாள்: அமுக்கச் சொல்லு.

லோகநாதன்: இன்னும் கிட்ட போ எழிலு. புதுசா எடுக்கறவங்க பயந்துகினு தூரத்துலயே நின்னுடுவாங்க. மூஞ்சி குட்டியா வுழும்.

சொக்கம்மாள்: கிட்ட போவாத.

லோகநாதன்: ஓரடிம்மா.

எழில்மொழி: சவரம் யாரு பண்ணது?

லோகநாதன்: நான்தான்.

எழில்மொழி: மீசைய ஒரு பக்கம் கம்மி பண்ணிட்டீங்க.

லோகநாதன்: ...கை ஆடிடுச்சி.

சொக்கம்மாள்: பேச்சு இன்னா பேச்சு. சீக்கிரம்டி.

எழில்மொழி: மங்கிப் பூடுச்சி மாமா. வளையத்தத் திருப்பறேன், திருப்பறேன்... சரியாவ மாட்டேங்குது.

லோகநாதன்: வளையத்த வுடு. அது உன் கண்ணு.

எழில்மொழி: தொடைக்கணும்னா கண்ண எடுக்கணுமே.

லோகநாதன்: எடுக்காத. சிமிட்டு. சிமிட்டிகினே இரு, தானா எறங்கிடும்.

சொக்கம்மாள்: அழுவாதடி. நீ அழுதா உள்ள கீறது தவிக்கும்.

எழில்மொழி: அழுவல அத்தை. எறங்கிடுச்சி. இப்ப நல்லா தெரியறாரு.

லோகநாதன்: மூச்ச வுடு... நிறுத்து... ம்.

எழில்மொழி: அமுக்கிட்டேன். லைட்டு அடிச்சதும் உள்ள புள்ள எட்டி ஒதைக்குது.

சொக்கம்மாள்: போதும், வா.

எழில்மொழி: இன்னொண்ணு எடுத்துக்கறேன் மாமா.

சொக்கம்மாள்: ஒண்ணுதான்னு சொன்னனா இல்லியா?

லோகநாதன்: ரெண்டு எடுக்கறதுதாம்மா வழக்கம். மொத படத்துல ஒருவேள கண்ண மூடிகினு...

சொக்கம்மாள்: கண்ண மூடிகினா?

லோகநாதன்: பழக்க தோசம்மா. வாய்ல வந்துடுச்சி.

சொக்கம்மாள்: எடுத்துக்கோடி.

லோகநாதன்: லிவர முழுசா இழு.

எழில்மொழி: இழுத்துட்டேன்.

லோகநாதன்: ...ம்.

எழில்மொழி: சரியாத்தான் கீது மாமா.

லோகநாதன்: அப்ப... அமுக்கு.

எழில்மொழி: இன்னும் கொஞ்சம் கிட்ட போறேன். காதுகிட்ட மச்சம் தெரியல... ஆ, தெரியுது. இருங்க. இருங்க, அமுக்கறேன்.

சொக்கம்மாள்: லோகு, சங்கு ஊதிட்டான்டா. ஆளுங்க உள்ள வராங்க.

எழில்மொழி: இன்னொண்ணே ஒண்ணு அத்தை.

சொக்கம்மாள்: வாம்மா. கண்ண எடுக்காம அப்டியே திரும்பு. என்னப் புடிச்சிக்கோ... அவ்ளோதான். அவ்ளோதான் தாயி.

* * *

லோகநாதன்: காட்டுல எல்லாம் முடிஞ்சிதும்மா. குளிச்சிட்டுத்தான் வரேன். எழிலு எதனா துண்ணாளா?

சொக்கம்மாள்: ஜெரினா கஞ்சி குடுத்தா, ரெண்டு வாய் குடிச்சா. போட்டோ எப்ப கழுவுவே?

லோகநாதன்: ரோல் முடியணும்மா. ஆவட்டும்.

சொக்கம்மாள்: ம். பக்கத்து ரூம்ல பாய் கீது, எடுத்துகினு வரேன். அவ கொஞ்சம் படுக்கட்டும்.

லோகநாதன்: எழிலு... அம்மா வரதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். லைட்டு பூந்து ரோல் கெட்டுப் போச்சின்னு அதுகிட்ட சொல்லப் போறேன். நீயும் அப்டியே சொல்லிடு. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னுதான் வழியெல்லாம் யோசிச்சிகினு...

எழில்மொழி: ரோலே இல்ல மாமா.

லோகநாதன்: உனக்கு எப்டி தெரியும்?

எழில்மொழி: மொத படம் எடுத்துட்டு லிவர இழுத்தேனே, அப்பவே குமிழு மேல விரல வெச்சிகினு இருந்தேன். சுத்தல.

லோகநாதன்: தெரிஞ்சிகினேவா ரெண்டாவது கேட்ட? அப்பறம் இன்னொண்ணு வேற...

எழில்மொழி: சொல்லிட்டா கண்ண எடுக்கச் சொல்லிருப்பீங்க.

லோகநாதன்: அந்தக் கட்டோட கீற மூஞ்சி நாளைக்கு புள்ள கைல கெடைக்கக் கூடாதுன்னுதான் போடல. நீ பாத்தா போதும்னு நெனச்சேன்... கேட்டுட்டு செஞ்சிருக்கணும்.

எழில்மொழி: கேட்டிருந்தா போடுங்கன்னுதான் சொல்லிருப்பேன். வுடுங்க. அத்தைக்குத் தெரிஞ்சிடப் போவுது.

லோகநாதன்: தெரியாது. நான் குடிச்சிட்டேன்னே நம்பிடுச்சி, பாவம்.

சொக்கம்மாள்: மெள்ளப் பேசுங்க, வாசல்ல ஜனம் இன்னும் போவல. உள்ள கீறதுக்கு எதனா ஆயிடுமோன்னு நான் பயந்தது நெசம்டா. ஆனா கத்தினது தெருவுக்காவ. உங்கப்பன் கூட அத்தினி வருசம் குடித்தனம் பண்ணவளுக்கு குடிச்ச வாய் தெரியாதா? நீ ஊதச் சொல்லோ ஜெரினா போட்ட இஞ்சி டீ வாசம்தான் அடிச்சிது.