பஸ்ஸில் வந்த தும்பிக்கை

சாணார்பட்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் நீளமான சாக்குப்பை.

“யானை மூக்கு மேல சாயாதீங்க மதினி, நசுங்கிரும்.”

எனக்குத் திக்கென்றது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

“நாடகத்துக்குச் செஞ்சதுதானடி, உசுரா போயிரும்?”

“போன தடவ துணியில தச்சேன். பயமுறுத்த வேண்டிய யானை மூக்கு தொங்கிப்போயி சனமெல்லாம் சிரிச்சுருச்சு. இந்தத் தடவையும் சிரிச்சா வேற ஆளப் பாத்துக்கிறேன்னுட்டாரு நாடக வாத்தியாரு. அதான் சைக்கிள் டியூப்ல செஞ்சு, உள்ள கயிறு விட்டுருக்கேன்.”

“எங்க, ஒருக்கா இழு.”

சாக்கிலிருந்து தும்பிக்கை விருட்டென்று எழுந்து, டிக்கெட் போட வந்த கண்டக்டரின் கழுத்தைத் தடவியது. “ஆத்தாடி!” என்று அலறிப் பின்வாங்கினார்.

“கோச்சுக்கிறாதீங்கண்ணே. நெசமாவே பயந்துட்டீங்களா?”

“ஈரக்கொலையே நடுங்கிருச்சு தாயி!”

அவள் முகமெல்லாம் பல்.

“வாத்தியாருக்குப் போனப் போடுங்க மதினி.”