பவர் சப்ளை மட்டும் உன் இஷ்டம்

மேடம், டீ குடிக்கும்போது உங்கள் மகன் கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் கேட்டு நச்சரிக்கிறான் என்று சொன்னீர்கள். ரெடிமேடாக வாங்காதீர்கள். பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்யுங்கள், பட்ஜெட் கையைக் கடிக்காது. ஒரே ஒரு விஷயம், பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். நான் வேலை பார்க்கிற பார்ட்ஸ் கடைக்கு வருகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், கலர் கலராக எரிகிற ஃபேன் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள், கிளம்பும்போது, "பவர் சப்ளை ஏதோ ஒண்ணு போட்டுடுங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். பெட்டியின் மூலையில் கிடக்கிற அந்தக் கறுப்பு டப்பாவை யாரும் மதிப்பதில்லை. ஆனால் வீட்டுக் கரண்ட் நேராக வந்து இறங்குவது அதில்தான்.

இதை நான் சொல்வது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். என்ன செய்வது, பார்ட்ஸ் பற்றிக் கேட்டவருக்குத் தப்பாகப் பதில் சொல்ல எனக்கு வராது. ஒருவனுக்கு மட்டும்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

என் தம்பி பிறந்தபோது எனக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. அவனுக்குப் பேச்சு வருமுன்னே அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கப்புறம் கொஞ்ச காலம் பெயருக்கு இருந்தார். சட்டைக்குப் பட்டன் தைத்தது, ஜுரத்தில் பக்கத்திலேயே கிடந்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். நல்ல பெண். தம்பியை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் வசதி என்று பெண்ணின் அப்பா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இதைச் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை நான். தம்பியிடம்கூட அவன் முரண்டு பிடிக்கும்போது மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

அவனுக்குக் கேம் என்றால் உயிர். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி, மணிக்கணக்குக்கு மெஷின் வாடகைக்கு விடுகிற ஒரு கேம் சென்டர் இருந்தது. காலேஜ் விட்டதும் அங்கேதான் கிடப்பான். ஒரு நாள் அந்த சென்டர்காரர் மவுஸ் மாற்றிக்கொள்ள எங்கள் கடைக்கு வந்தார்.

"உங்க தம்பி கை இருக்கே, சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வேகம். வீட்லயே ஒரு நல்ல மெஷின் வச்சுக் குடுத்துப் பாருங்க, போட்டிக்கு ஆள் எடுக்கிற டீம்காரங்க வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. அங்க தங்க வீடு, சம்பளம், எல்லாம் அவங்க பொறுப்பு" என்றார்.

சந்தோஷம் என்று சிரித்தேன். அவர் போனதும், தூக்கிக்கொண்டு போய்விட்டால் நான் சாயங்காலம் எந்த வீட்டுக்குத் திரும்புவேன் என்றுதான் முதலில் தோன்றியது. எனக்குப் பயமாக இருந்தது, மேடம். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த வாரமே தம்பி கேட்டான். "அண்ணா, பெருசா ஒண்ணும் வேணாம். குறைஞ்ச பட்ஜெட்ல உனக்குத் தோணினதப் பண்ணிக் குடு. உன்னவிட யாருக்குத் தெரியும்?"

உண்மைதான். அந்த பட்ஜெட்டுக்குள் அருமையான மெஷின் ஒன்றைச் செய்திருக்கலாம். முன்பின் தெரியாதவர்களுக்கு எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் இதில் ஓர் அளவு இருக்கிறது. மெஷின் அறவே ஓடாவிட்டால் அவன் சலித்துப்போய் வேறு வேலை தேடிக் கிளம்பிவிடுவான். நன்றாக ஓடினால் ஜெயித்துக் கிளம்பிவிடுவான். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். பெயர் மட்டும் பெரிதாக இருக்கிற ஒரு பழைய பிராசஸர் எடுத்தேன். பின்னால் அதைவிட நல்லதை மாட்ட இடம் கொடுக்காத போர்டாகப் பார்த்து எடுத்தேன். மெமரியை இரண்டாகப் பிரித்துப் போட்டால் வேகம் கிடைக்கும், ஒன்றாகவே போட்டேன். கண்ணுக்குக் குளிர்ச்சியாக, ஆனால் படம் ஒரு கணம் பிந்தி வருகிற மானிட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தனியாக ஓடும்போது வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகும். எதிரிகள் கூட்டமாக வந்து விழும் நேரத்தில், ஜெயிக்க வேண்டிய அந்த நேரத்தில் மட்டும், லேசாகத் திக்கும். பெட்டிக்குள் நீல விளக்கு வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவன் என்னைத் தூக்கிச் சுற்றினான்.

மெஷின் கிளம்பும்போது இரண்டு கையாலும் இரும்புப் பெட்டியின் மேல் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொள்வது அன்றிலிருந்து அவன் பழக்கம். திரையில் படம் வரும்வரை கையை எடுக்க மாட்டான். ராசியாம். நான் கேலி செய்வேன், அவன் சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்திப் பிடிப்பான்.

அதற்கப்புறம் அவன் தோற்கத் தொடங்கினான். ஒவ்வொரு தடவையும் மயிரிழையில். அடுத்த தடவை பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தான், உட்கார்ந்துகொண்டே இருந்தான். காலேஜ் நின்றது. நண்பர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். வாசலில் கிடந்த அவன் ஷூவில் சிலந்தி வலை கட்டியிருந்தது. மெஷின் சூட்டுக்கு வெளிச்சம் ஆகாது என்று ஜன்னலுக்குக் கெட்டியான திரை போட்டேன்.

ஒரு நாள் தட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டான். "அண்ணா, என் கைதான் ஸ்லோவா இருக்கா?"

"இருக்கலாம்டா. எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா? விடு, சாப்பிடு" என்றேன்.

கையில் பிடித்து அழுத்துகிற ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தேன். டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனேன், அண்ணன் கடமையில் ஒரு குறை வைக்கவில்லை. நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, இப்படி ஒரு கையைப் பார்ப்பதே அபூர்வம் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் காத்திருந்தவனிடம், நரம்பு கொஞ்சம் பலவீனமாம், கவலைப்படும்படி இல்லை, போகப் போகச் சரியாகிவிடுமாம் என்று சொன்னேன். அவன் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினான். எனக்கு அன்று மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. வழியில் அவனுக்குப் பிடித்த ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவேன். யாராவது பெல் அடித்து எழுந்து போனால் ஆட்டம் கெடுகிறது என்று அவன்தான் ஒரு தடவை சொன்னான். சாவி ஒன்றுதான். இன்னொன்று செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன், நேரம் கூடி வரவில்லை. சாயங்காலம் பூட்டைத் திறந்தால் உள்ளே அந்த நீல வெளிச்சம் தெரியும். "வந்துட்டியாண்ணா" என்று திரும்பாமலே கேட்பான். சொல்ல வெட்கமில்லை, என் வாழ்க்கையிலேயே நான் நிம்மதியாக இருந்தது அந்த வருடங்களில்தான்.

கெடுத்தது என் மறதி. ஒரு நாள் என் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். அவசரத்தில் பூட்டவும் இல்லை போலிருக்கிறது. மத்தியானம் அவன் போனை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்து நின்றான், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தொளதொள சட்டையில். மேஜையில் ஒரு கஸ்டமருக்கு நான் அப்போதுதான் முடித்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "சும்மா ஒரு ஆட்டம்ணா" என்று உட்கார்ந்துவிட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கடையே அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் தம்பி தன் விரல்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இப்போது கேட்கப் போகிறான் என்று காத்திருந்தேன்.

"என் கைக்கு ஒண்ணும் இல்லண்ணா" என்றான். கண்ணில் தண்ணீர். "நம்ம மெஷின்தான் பாவம், தாங்கல. நீயும் என்ன பண்ணுவே, இருந்ததுல பண்ணினே."

என்மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை, மேடம். வந்திருந்தால் சண்டை போட்டிருப்போம், அதோடு முடிந்திருக்கும். சந்தேகப்படத் தெரியாதவனை நான் வெளியே எப்படி விடுவது? ஊர் அவனை மென்று தின்றுவிடாதா? 

டீம்காரர்களுக்கு அவனே எழுதிப் போட்டான். ஆன்லைனில் ஒரு தேர்வு ஆட்டம், அதில் தேறினால் அங்கேயே வந்து தங்க வேண்டியது என்று பதில் வந்தது. பெட்டி படுக்கையைக்கூட ஒதுக்க ஆரம்பித்துவிட்டான். இந்தத் தடவை பார்ட்ஸையும் அவனே தேர்ந்தெடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். போர்டு, பிராசஸர், இரண்டாகப் பிரித்த மெமரி என்று ஒவ்வொன்றும் அந்த பட்ஜெட்டுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது. என்னிடம் கேட்காமலே கற்றுக்கொண்டிருந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியில் சொன்னான்: "பவர் சப்ளை மட்டும் உன் இஷ்டம்ணா. அதுல எனக்கு ஒண்ணும் தெரியாது."

எல்லாரையும் போலத்தான் அவனும்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழுதாகித் திரும்பி வந்த சாமானில், இனிமேல் யாருக்கும் மாட்டவே கூடாது என்பதற்குச் சிவப்பு டேப் சுற்றி மேஜைக்கடியில் ஒரு பெட்டியில் போடுவோம். அதில் ஒரு பவர் சப்ளை கிடந்தது. தொட்டால் தூக்கி அடிக்கிறது என்று ஒரு தையல்காரர் திருப்பிக் கொடுத்தது. டேப் சுற்றியது நான்தான். அதைப் பிரித்ததும் நான்தான். பசை ஒட்டியிருந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், புதிது போல ஆனது. எங்கள் வீட்டு ஒயரிங்கில் எர்த் இல்லை, கரண்ட் கசிந்தால் மண்ணுக்குள் இறங்க வழி கிடையாது. வாடகைக்கு வந்த நாளிலிருந்து அதுவும் எனக்குத் தெரியும்.

விடுமுறை நாளில் வீட்டில் வைத்து மாட்டினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தான். மாட்டி முடித்ததும் நான் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது வழக்கம். அன்று போடவில்லை. "காலைல நீயே போடுடா, உன் மெஷின்" என்றேன். காலையில் அவன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கையில் சுருக்கென்று ஒரு அடி விழும், பயந்துபோய் கொஞ்ச நாள் மெஷின் பக்கம் போகமாட்டான், தேர்வு தவறிவிடும் என்றுதான் கணக்குப் போட்டேன். முதலில் அப்படித்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். ஆனால் அந்த இரண்டு கையும் பெட்டியின் மேல் எப்படி அழுந்தியிருக்கும் என்பதை என்னைவிட யாருக்குத் தெரியும்? கரண்ட் பிடித்தால் விரல் மடங்கிக்கொள்ளும், விடாது. அப்புறம் பெட்டி பற்றிக்கொண்டது. கீழ்வீட்டுக்காரர் பூட்டை உடைக்கிறவரைக்கும் அவன் என்னைத்தான் கூப்பிட்டானாம். அவர் அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

பெட்டியை மாட்டியது தம்பிதான் என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவனும் அதையே சொல்லியிருக்கிறான், நான் சொல்லிக்கொடுக்காமலே. "அண்ணன் மேல தப்பு இல்ல, நான்தான் மாட்டினேன்." நீங்கள் நம்பியும் இருப்பீர்கள். என் கைப்பழக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது. ஒயரைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை நான் வாலில்லாமல் ஒட்ட நறுக்கி, முடிச்சைப் பின்பக்கமாகத் திருப்பி விடுவேன். திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தக்கூடாது. கடைக்கு வந்து நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றீர்களே, அப்போதே எனக்குப் புரிந்தது. எரிந்த பெட்டியின் பின்தகட்டில் உருகாமல் தப்பியவை எல்லாம் அதேபோலத் திரும்பி இருந்தன என்றீர்கள். யாருக்கு எதை மாட்டினாலும் கோணலாக மாட்ட எனக்கு வராது.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். பழுது என்று தெரிந்தே எடுத்தேன். தெரிந்தே மாட்டினேன். தெரிந்தே பூட்டினேன். கையெழுத்துப் போடுகிறேன்.

இரண்டு கையையும் காப்பாற்ற முடியவில்லை என்று சொன்னீர்கள். கேட்டதும் நான் அழுதேன், நீங்களே பார்த்தீர்கள். நடிப்பில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், இனி அந்த டீம் அவனைக் கூப்பிடாது. அவனுக்கும் தோற்கிற கவலை இல்லை. சட்டைக்குப் பட்டன் போட, முகம் துடைக்க, சோறு ஊட்ட ஓர் ஆள் வேண்டும். சின்ன வயதில் செய்ததுதான், எனக்கு ஒன்றும் புதிதில்லை. இப்போது யார் ஊட்டுகிறார்கள், நர்ஸா? அவனுக்குச் சூடு ஆகாது என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், மேடம். நன்றாக ஆறவைத்து ஊட்டச் சொல்லுங்கள். நான் வீட்டுக்கு வருகிறவரைக்கும்தானே.