கல்லறை இல்லாதவங்களுக்கு

பெட்ரீசியா: ...போதும்டா கீத், அப்பா கல்லறைக்கு நாலு ஏத்தியாச்சு. மிச்ச மெழுகுவத்திய எடுத்துக்கிட்டு அந்தப் பெரிய சிலுவைக்கிட்ட வா.

கீத்: அங்க யாரும்மா இருக்கா நமக்கு?

பெட்ரீசியா: கல்லறை இல்லாதவங்களுக்கு அங்கதான் கொளுத்தணும். ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் செய்யிறேன்லா. நீ லீவு போட்டு வந்தாத்தானே தெரியும்.

கீத்: லுமூட் கேம்ப்ல நான் என்ன சும்மாவா உக்காந்திருக்கேன்? நேவிம்மா... சரி, யாருக்கு?

பெட்ரீசியா: பாலி பக்கம் ஒரு இந்தோனேசியா சப்மரின் முழுகுச்சே, அதுல இருந்த பிள்ளைங்களுக்கு.

கீத்: அவங்க முக்காவாசிப் பேரு முஸ்லிம்மா. சிலுவையடியில போயி...

பெட்ரீசியா: தெரியும்டா. எதிர்வீட்டு ஜைனாப் அக்கா பெருநாளைக்கு மகன் சமாதியில பூ போட்டு தண்ணி ஊத்துறாங்கள்ல? இந்தப் பிள்ளைங்களோட அம்மாங்க எங்க போய் ஊத்துவாங்க? கடல்லயா?

கீத்: அழாதம்மா.

பெட்ரீசியா: யாரு அழுதா? பொகைடா. ஐயோ, காத்து அடிக்குது பாரு! அந்த மைலோ டின்ன வச்சு மறை. நேவிக்காரனாம், ஒரு மெழுகுவத்தி கொளுத்தத் தெரியல.

கீத்: கப்பல்ல மெழுகுவத்தியா கொளுத்துறோம்? அம்மா, ஒன்னு சொல்லணும்...

பெட்ரீசியா: மொதல்ல கொளுத்து. அந்தப் பிள்ளைங்க சப்மரினுக்குள்ள சுத்தி உக்காந்து பாடுவாங்களே, ஒருத்தன் கித்தார் வாசிப்பான்... அந்த வீடியோவ போன்ல பாத்துட்டு அன்னைக்கு எனக்கு சோறே எறங்கல. சண்டையா நடந்துச்சு? சண்டையே இல்லாம பிள்ளைங்க ஏன்டா சாகணும்?

கீத்: அர்ஜென்டினா சப்மரின், ரஷ்யா சப்மரின்கூட சண்டை இல்லாத காலத்துலதான் போச்சு. சண்டை வராம இருக்கத்தான் எறங்குறாங்க. யாராச்சும் எறங்கித்தானே ஆகணும்?

பெட்ரீசியா: யாராச்சும்னா யாரு?

கீத்: நான்தான்ம்மா. நம்ம மலேசியா சப்மரினுக்கு எடுத்துட்டாங்க. திங்கக்கெழம சபாவுல இருக்கிற சப்மரின் கேம்புக்குப் போறேன். வந்ததுலேருந்து சொல்லலாம்னு...

பெட்ரீசியா: டின்ன ஒழுங்காப் புடி. அணைஞ்சிரும்.

கீத்: திட்டும்மா. இப்படி இருக்காத.

பெட்ரீசியா: பயமா இல்லையாடா?

கீத்: இருக்கு. நீ பாத்த அதே வீடியோவ நானும்தான் பாத்தேன். அதுக்கப்புறம்தான் பேரு கொடுத்தேன். அவங்க போன எடத்துக்கு இன்னொருத்தன் போகலன்னா... நான் போவேன்ம்மா. நீ வேணாம்னாலும் போவேன். ஆனா நீ சரின்னு ஒரு வார்த்த சொன்னா நல்லா இருக்கும்.

பெட்ரீசியா: நீ பேரு கொடுத்தத தனேஸ்வரன் எங்கிட்ட சொல்லிட்டான், புந்தோங் பசார்ல மீன் வாங்குறப்ப பாத்தப்பவே.

கீத்: ஓட்டவாயன்! கூட வேல செய்யிறவன்னு நம்பிச் சொன்னேன்... எப்போ?

பெட்ரீசியா: போன மாசம். மறுநாளே லுமூட்டுக்கு பஸ் ஏறிட்டேன்.

கீத்: அலாமா! எதுக்கு?

பெட்ரீசியா: புருஷன் போயிட்டாரு, ஒரே மகன், அவன் பேர எடுத்துருங்கன்னு உங்க பெரிய ஆபிசரு கால்ல விழத்தான் போனேன். கேட்டுல காவலுக்கு நின்ன பையன் யாரப் பாக்கணும் ஆண்ட்டின்னு கேட்டான். உன் வயசுதான் இருக்கும். அவனயும் ஒருத்தி அனுப்பித்தானே வச்சிருக்கான்னு தோணுச்சு. நெனச்சுட்டுப் போனது ஒன்னும் வாயில வரல. சப்மரினுக்குள்ள ராத்திரி வெளக்கு எரியுமாப்பா, என் மகன் இருட்டுல தூங்க மாட்டான்னு கேட்டுட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துட்டேன்... குனிடா, நெத்தியில சிலுவை போட்டு அனுப்பணும்.