மூன்றாம் முறை கூப்பிடும்வரை

விடியற்காலை நாலரை மணி. மலாக்காவில், பெம்பானிலிருந்து உள்ளே திரும்புகிற செம்மண் சாலை. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். பால் வெட்டுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிவிட்ட மரங்கள். கோப்பைகள் மட்டும் இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே மழைத் தண்ணீர். லைட் கிடையாது. ஆள் கிடையாது.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். மெதுவாகத்தான் சொல்வேன்.

நம் பிரவின் இருக்கிறானே, அவனுடைய தாய்மாமனுக்கு நடந்தது இது. பிரவினும் கூடவே இருந்தான். ஆனால் அவனிடம் போய்க் கேட்காதீர்கள். எழுந்து போய்விடுவான்.

மாமா பெயர் காளிதாஸ். மலாக்கா டவுனில் இடைநிலைப் பள்ளி வாத்தியார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வருஷம், தொண்ணூற்றைந்து, யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்த நம் பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடத்தினார்கள். ஜூன் லீவில் இரண்டு வாரம். அங்கேயே தங்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் தேடுவது, லெக்சரில் குறிப்பு எடுப்பது, சீனியர் மிரட்டினால் அழாமல் நிற்பது... எல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். மாமாதான் பொறுப்பு.

இடம், அந்தச் செம்மண் சாலை முடிகிற தோட்டம். அதைக் கோல்ஃப் மைதானம் கட்ட விற்றுவிட்டார்கள். சனங்களை லாரியில் ஏற்றி, ஆயர் குரோ பக்கம் மலிவு விலை ஃபிளாட்டில் இறக்கியாயிற்று. அவர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் மட்டும் மிச்சம். புல்டோசர் வரும்வரை சும்மாதானே கிடக்கிறது என்று முகாமுக்குக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால்தான் பழைய பெரட்டுக் களம். இருட்டோடு தொழிலாளிகளை நிறுத்தி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணி பெயர் கூப்பிட்டு, வேலைக்குப் பிரிக்கிற இடம். ஒரு தண்டவாளத் துண்டு மரத்தில் தொங்கியது. அதை அடித்தால் பெரட்டு.

பெரட்டில் போய் நிற்கக்கூடாது என்றுதான் அப்பன் ஆத்தாள் அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். படித்து முடித்த பிள்ளைகளைக் கொண்டுவந்து மாமா அதே இடத்தில் நிறுத்தினார்.

ஓரியன்டேஷன் வாரத்தில் சீனியர்கள் இருட்டோடு எழுப்பி வரிசையில் நிறுத்துவார்கள் அல்லவா? அதற்குப் பழக வேண்டுமாம். முதல் நாள் அவரே தண்டவாளத்தை அடித்தார். டங்... டங்... பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் வந்து நின்றார்கள். கையில் டார்ச்கூட இல்லை. பெயர்களை மனப்பாடமாகக் கூப்பிட்டார்.

"ஃபிரெடி!"

சத்தம் இல்லை.

"ஃபிரெடி!"

சத்தம் இல்லை. பத்தடி தூரத்தில் அவன் மூச்சு விடுவது கேட்கிறது.

"டேய் ஃபிரெடி!"

"இருக்கேன் சார்!"

"காது செவிடாடா?"

"இல்ல சார்... இருட்டுல மூணு தடவ கூப்பிட்டாத்தான் பதில் சொல்லணும்."

"நீ கிறிஸ்டியன்தானே?"

"நான் கிறிஸ்டியன்தான் சார். கூப்பிடறது என்னன்னு தெரியாதே லா."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆனால் அடுத்தவனும் மூன்றாவது தடவைதான் பதில் சொன்னான். அதற்கடுத்தவனும். அதே வரிசையில் நின்ற பிரவினும். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். இருட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'என்ன' என்று கேட்காதே. மனுஷன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். அது கூப்பிடாது.

மாமா சிரிக்கவில்லை.

"அங்க உங்கள ஒரு தடவதான் கூப்பிடுவான்," என்றார். "ரெண்டாவது தடவைக்கு அடுத்தவன் பேரு. நம்ம பேர மூணு தடவ கூப்பிட்டுக்கிட்டு நிக்க இந்த நாட்டுல எவனும் இல்ல. புரியுதா?"

பிரவினுக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும்.

அதற்கு முந்தின வருஷம் மாமாவின் மனைவி கலைமகள் பிரசவத்தில் இறந்துபோனாள். வலி வந்ததிலிருந்து நெற்றியிலும் கையிலும் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தாளாம். வார்டுக்கு வெளியே பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். நடுராத்திரி. கண் சொக்கிவிட்டது. அப்போது நர்ஸ் வெளியே வந்து கூப்பிட்டாள். "வாரிஸ் கலைமகள்!" கலைமகளுக்கு வேண்டியவர் யார் என்று மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாமாவுக்குக் கேட்டது. எழுந்திருக்கவில்லை. "வாரிஸ் கலைமகள்!" அதுவும் கேட்டது. உடம்பு மூன்றாவது தடவைக்குக் காத்திருந்தது. சின்ன வயசிலிருந்து பழகிய உடம்பு. படித்ததெல்லாம் அதற்குத் தெரியாது.

நர்ஸ் திரும்பிப் போய்விட்டாள்.

அவர் எழுந்து உள்ளே போனபோது துணி போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு சின்னத் துணி. "உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள்," என்று நர்ஸ் மலாயில் சொன்னாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமா எதற்கும் அழுததை யாரும் பார்க்கவில்லை.

சரி. முகாமுக்கு வருவோம்.

ஒரு வாரத்தில் எல்லாரும் முதல் தடவைக்கே பதில் சொல்லப் பழகிவிட்டார்கள். ஒரு பெண்ணைத் தவிர. நிர்மலாதேவி. அவளுக்குச் சட்டம் படிக்க இடம் கிடைத்திருந்தது. மாநிலப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. மைக் இல்லாமல் பேசினால் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். அவள் அம்மா வேலாயி அதே தோட்டத்தில் பால் வெட்டியவள்.

"வெளிச்சத்துல எத்தன தடவ வேணும்னாலும் பதில் சொல்றேன் சார். இருட்டுல மட்டும் மூணு."

"ஏன், நீ என்ன தனியா?"

"இந்தக் களத்துல கேக்கற சத்தம் எல்லாம் கிராணி கூப்பிடறது இல்லன்னு அம்மா சொல்வாங்க சார்."

"அம்மா சொன்னத கேக்கறதுன்னா அம்மாகூடவே இரு. கோர்ட்டுல ஜட்ஜுகிட்டயும் மூணு தடவ கூப்பிடச் சொல்லுவியா?"

யாரோ சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமா அவளை மட்டும் தினமும் விடியும்வரை களத்தில் நிற்க வைத்தார். மற்றவர்கள் போய்ப் பசியாறுவார்கள். அவள் நிற்பாள். பெண்கள் பக்கத்தைக் கவனித்துக்கொண்ட பாட்ரீசியா, மூன்றாம் வருஷ மாணவி, "பாவம் சார், விடுங்களேன்," என்றாள். "பாவம்னு அங்க யாரும் சொல்ல மாட்டாங்க," என்றார் மாமா.

முகாம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. கரும் இருட்டு. தண்டவாளம் அடித்தாயிற்று.

"நிர்மலாதேவி!"

"இருக்கேன் சார்!"

முதல் தடவை. கணீர் என்று. பிள்ளைகள் கை தட்டினார்கள். மாமாவும் சிரித்தார் என்று பிரவின் சொல்வான். கலைமகள் போன பிறகு அவர் சிரித்து அவன் கேட்டது அன்றைக்குத்தான். பாட்ரீசியா டார்ச் வெளிச்சத்தில் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். மாமா அதை வாயில் வைத்தார்.

அப்போது அந்த நாற்றம் வந்தது. புளித்த ரப்பர் பால் நாற்றம். பால் வெட்டி இரண்டு வருஷம் ஆன தோட்டத்தில்... கெட்டியாக, மூக்கை அடைக்கிற மாதிரி. பூச்சிச் சத்தம் பட்டென்று நின்றது.

"நிர்மலாதேவி!"

ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து. மாமாவின் குரல். அதே அதட்டல். கடைசி எழுத்தை அவர் கொஞ்சம் இழுப்பார். அதே இழுப்பு.

மாமாவின் வாயில் கோப்பி இருந்தது.

"இருக்கேன் சார்!"

பழக்கியபடியே சொன்னாள். ஒரே தடவைக்கு.

பாட்ரீசியா மாமாவின் முகத்தையே பார்த்தாள். "சார்... நீங்க கூப்பிடல."

யாரும் அசையவில்லை. மரங்களுக்குள் இரண்டாவது தடவை கூப்பிடும் என்று காத்திருந்தார்கள். கூப்பிடவில்லை. அதற்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நிர்மலாதேவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. காற்றுகூட வரவில்லை.

தொண்டை கட்டிவிட்டது என்றார்கள். தேன் கொடுத்தார்கள். ஊருக்குப் போனதும் டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். அந்த நிலைமையிலும் அவள் யூனிவர்சிட்டிக்குப் போய்ப் பதிந்தாள். ஓரியன்டேஷனில் சீனியர் அவள் பெயரைக் கூப்பிட்டான். அங்கே என்ன நடந்தது தெரியுமா? மூன்று தடவை கூப்பிட்டான். நின்று, நிதானமாக, மூன்று தடவை. திமிர் பிடித்தவள் என்று நினைத்து மத்தியானம்வரை வெயிலில் நிறுத்தினார்கள். மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷம் தள்ளி வைக்கலாம், அடுத்த பதிவுக்கும் வராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

மாமா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆயர் குரோ ஃபிளாட்டுக்குப் போவார். வேலாயி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் திட்டவில்லை. கோப்பி கலக்கிக் கொடுப்பாள். "சாருதான் எம்புள்ளைக்குப் பாடுபட்டீங்க," என்பாள். நிர்மலாதேவி சுவரோரம் உட்கார்ந்து சட்டப் புத்தகத்தை விரித்து வைத்திருப்பாள். ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டாள்.

அடுத்த வருஷப் பதிவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு செய்தி வந்தது. அந்தத் தோட்டத்தில் மரமெல்லாம் சாய்த்துப் புல் போட்டாயிற்று. பெரட்டுக் களத்து ஓரத்தில் கொஞ்சம் மரம் மட்டும் அழகுக்காக விட்டிருந்தார்கள். அங்கே காவலுக்கு ஜாகாவாக நின்ற அங்கமுத்து என்பவர் கோயிலில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் அந்த மரங்களுக்குள் ஒரு பெண்பிள்ளை சத்தம் கேட்கிறது. 'இருக்கேன் சார்' என்கிறது. வேறு எதுவும் சொல்வதில்லை.

லீவில் வந்திருந்த பிரவினை மாமா இருட்டோடு எழுப்பினார். "வண்டில ஏறு."

"எங்க மாமா?"

"அவ குரல ஒரு தடவ கூப்பிட்டு எடுத்துக்கிச்சு. மூணு தடவ கூப்பிட்டா குடுக்கணும்ல."

மாமாவின் பழைய சாகா கார். அதே சாலை, இப்போது தார் போட்டிருந்தது. அதே நாலரை மணி. அங்கமுத்து கேட்டைத் திறந்துவிட்டார், கூட வரவில்லை. புல் ஈரமாக இருந்தது. மரங்களுக்கு முன்னால் மாமா நின்றார்.

"நிர்மலாதேவி!"

தவளைச் சத்தம் நின்றது.

"நிர்மலாதேவி!"

எங்கேயோ ஒரு கோப்பை கம்பியில் ஆடுகிற சத்தம். டிங்... டிங்... மரத்தில் ஒரு கோப்பைகூட இல்லை.

"நிர்மலாதேவி!"

"இருக்கேன்."

பக்கத்தில். கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில். மெதுவான குரல். பிரவினுக்கு ஒன்று உறைத்தது... 'சார்' இல்லை.

மாமா பின்கதவைத் திறந்தார். "ஏறு," என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஸ்பிரிங் அழுந்தி வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

கண்ணாடி ஏற்றியிருந்தது. பாதி வழியில் வாசனை வந்தது. புளித்த பால் நாற்றம்தான் வரும் என்று பிரவின் பயந்துகொண்டிருந்தான். அது இல்லை.

கோடாலித் தைலம்.

பிரவின் மாமாவைப் பார்த்தான். கண் சாலையிலேயே இருந்தது.

"மாமா... திரும்பிப் போயிரலாம். கொண்டுபோய் விட்டுரலாம் மாமா."

அவர் பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கையால் மேலே திருப்பிவிட்டார். இன்னும் வேகமாக ஓட்டினார்.

ஃபிளாட்டில் மூன்றாவது மாடி. படியில் மாமாவின் சப்பாத்துச் சத்தம். பிரவினின் செருப்புச் சத்தம். அதற்குப் பின்னால் வெறுங்கால். ஈரக் கால். மெதுவாக, படிக்கு ஒரு தடவை நின்று நின்று... வயிறு கனத்தவள் ஏறுகிற மாதிரி.

வேலாயி கதவைத் திறந்தாள். நிர்மலாதேவி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வரப்போகிறார்கள் என்று தெரிந்த மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டு. மாமா அவள் முன்னால் போய் நின்றார்.

"பேசும்மா," என்றார்.

அவள் நெற்றியைத் தடவிக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"ஏங்க... கூப்பிட்டாங்களே. ஏன் வரல?"

அது பேச்சுப் போட்டிக் குரல் இல்லை. களைத்துப்போன, கொஞ்சம் கம்மிய குரல். அத்தை கலைமகள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிரவின் கேட்ட குரல்.

"பேசிட்டா!" வேலாயி அலறினாள். "எம்புள்ள பேசிட்டா சார்! தெய்வம் சார் நீங்க!" அழுதுகொண்டே மாமாவின் காலில் விழுந்தாள். பக்கத்து வீட்டில் லைட் போட்டார்கள். சனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏங்க... கூப்பிட்டாங்களே. ஏன் வரல?"

மாமா வாயைத் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு... அது கேட்காது, மூன்றாவது தடவை அது கேட்காது என்று காத்திருந்தார்.

மூன்றாவது தடவையும் கேட்டாள்.