கைக்கடக்கமான புகைமூட்டி

– மறுபடியும் அணைஞ்சு போச்சுங்க.

– அணையல மங்கை. உள்ளுக்குள்ள கனிஞ்சுகிட்டு இருக்கு. மேற்படி துருத்தியை இன்னும் கொஞ்சம் அமுக்கு, தானா புகை வரும்.

– கை விட்டுப்போற அளவு அமுக்கிட்டேன். வெறுங்காத்துதான் வருது. டம்ளர் மாதிரி இருக்கு, இதுல ஒரு பிடி நார் போட்டா எவ்வளவு நேரம் நிக்கும்? தேன்பெட்டி மூடியைத் தெறக்குறதுக்குள்ள அவிஞ்சு போகுது. மீரா சாகிப் பட்டறையில அந்தப் பெரிய தகரப் புகைமூட்டியை எடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்.

– அது பாக்க எண்ணெய் டின்னு மாதிரி இருந்துது. இது பித்தளை. கைக்கு அடக்கம். ஒரு கையில பிடிச்சுகிட்டு நின்னா ஒரு தோரணை வருது பாரு.

– தோரணையைப் பாத்துத் தேனீ அடங்குமா? அதுல சுத்திலும் கம்பிக்கூடு வச்சிருந்தாரு, கை சுடாம இருக்க. இதுல அதுவும் இல்ல. என் விரலைப் பாருங்க.

– விரலை அப்புறம் பாப்போம். டைரக்டர் சிதம்பரநாதன் சார் புதுச்சேரியிலேர்ந்து வந்துட்டார். காரைக்கால் ஆபீஸ்ல இறங்கிட்டு நேரா நம்ம குரும்பகரத்துக்குத்தான் வர்றார். மாத்தல் உத்தரவுல கையெழுத்துப் போடறவர் அவர். போட்டார்னா நான் ஏனாம்ல இருப்பேன்.

– நீங்க மட்டுமா இருப்பீங்க? தெலுங்குல தண்ணி கேக்கக்கூட எனக்குத் தெரியாது. படுக்கையில கிடக்குற உங்க அம்மாவைக் கட்டிலோட தூக்கிகிட்டு ரயிலுக்கு ரயில் மாறி அலையணும். அம்மாவுக்கு முடியலன்னு ஒரு மனு எழுதிக் குடுங்கன்னா அதையும் செய்யல.

– ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் எழுதறான். அத்தனை க்ளார்க்கு அம்மாவுக்கும் ஒரே நேரத்துல முடியல. எனக்குன்னு ஒரு தனித்தன்மை வேணாமா? டைரக்டருக்குத் தேனீன்னா உசிருன்னு பியூன் முத்தையன் சொன்னான். தேனீ வளக்குற ஒருத்தனைத் தூக்கி ஏனாம்ல போட அவருக்கு மனசு வருமா?

– வளக்குறாராம். பெட்டி வந்து ஒரு மாசம் ஆகல. அன்னிக்கு மூடியை எடுத்துட்டு வைக்கப்போர் வரைக்கும் ஓடினீங்க.

– ஓடல. அது எவ்வளவு தூரம் துரத்துதுன்னு ஆய்வு பண்ணினேன். அம்மா ரூம் ஜன்னலைச் சாத்திட்டியா?

– சாத்திட்டேன். மூச்சு முட்டுது, தெறன்னு சொல்றாங்க.

– அப்படியே இருக்கட்டும். முடியாதவங்க படுத்திருக்குற வீட்டுல ஜன்னலுக்குப் பக்கத்துலயே தேன்பெட்டி வச்சிருக்கான்னு தெரிஞ்சா, விஷயம் தெரிஞ்ச மனுஷர், என்னைப் பத்தி என்ன நினைப்பார்? அவர் போற வரைக்கும் மேற்படி அம்மா ஊர்ல இல்ல.

– நல்லா இருக்கு. அதை இப்படிக் குடுங்க. நாரைக் கெட்டியாத் திணிச்சுட்டு மேலாப்புல தீக்குச்சியைக் கிழிச்சா எப்படிப் பத்தும்? அடியில தணல் வேணும். அடுப்புலேர்ந்து கொட்டாங்கச்சிக் கங்கு எடுத்துப் போட்டிருக்கேன். மேல பழைய சாக்குத் துண்டு. இப்ப நார். இடைவெளி விட்டுப் போடணும்.

– பொறி பறக்குது மங்கை. பொறி பட்டா றெக்கை கருகிடும்.

– அதுக்குத்தான் வாய்ப்பக்கம் ஒரு பிடி பச்சைப்புல்லு. அந்தப் புஸ்தகத்துல நீங்க படம் பாத்தீங்க, நான் படிச்சேன். பாருங்க, வெள்ளையா வருது. உள்ளங்கையை நீட்டுங்க, சுடாது. நிமித்தியே பிடிங்க, சாச்சா அணைஞ்சிடும்.

– ஜீப்பு வந்துடுச்சு. குடு, நான் பிடிச்சுகிட்டு நிக்கிறேன். வாங்க சார், வாங்க. வணக்கம்.

– வணக்கம் சோமசேகரன். நல்லது, நல்லது. என்ன இது, சாயங்காலம் சாம்பிராணி போடற வழக்கமா?

– ஸ்மோக்கர் சார். தேன்பெட்டிக்கு. உங்களுக்குத் தெரியாததா.

– எனக்கு எங்கே தெரியும்? தேனீப் பைத்தியம் எனக்கு முன்னால இருந்த டைரக்டர். எனக்குக் கொசு கடிச்சாலே தடிச்சுப்போகும். தயவுசெஞ்சு அந்தப் பெட்டியைத் தெறந்துடாதீங்க.

– தெறக்க வேணாமா சார்?

– வேணாம். நான் வந்தது வேற விஷயம். வீட்டுல யார் யார் இருக்கீங்க?

– நாங்க ரெண்டே பேர் சார். ஒரு தொந்தரவும் கிடையாது. எந்நேரமும் ஆபீஸ் நினைப்புதான், மிச்ச நேரம் மேற்படி தேனீ.

– என்னங்க, அதை அந்தப் பக்கம் திருப்பிப் பிடிங்க. புகை பூரா ஜன்னல் இடுக்குல போகுது.

– நீ சும்மா இரு மங்கை. சாருக்குக் காப்பி கொண்டா.

– உள்ளே யாரோ இருமுற மாதிரி இருக்கே.

– பக்கத்து வீட்டு டிவி சார். சிலோன் ஸ்டேஷன். நம்ம கரைக்கு நல்லா எடுக்கும். ஏதோ நாடகம்.

– தத்ரூபமா நடிக்கிறாங்க. நல்லது, என் வேலை சுலபமாப் போச்சு. ஏனாமுக்கு ஒரு ஆள் அனுப்பணும். நீங்களா, குஞ்சிதபாதமான்னு யோசனை. வீட்டுல படுத்த படுக்கையா பெரியவங்க இருந்தா மாத்தல் கிடையாதுன்னு முடிவு பண்ணியிருக்கேன். மனுவை நம்ப முடியல, எல்லாரும் எழுதறாங்க. அதான் நேர்லயே பாக்க வந்தேன். குஞ்சிதபாதத்தோட அப்பாவைக் கட்டில்ல பாத்துட்டுத்தான் வர்றேன். நீங்க ஒருத்தர்தான் மறைக்காம உண்மையைச் சொன்னீங்க.

– சார், அது வந்து சார், மேற்படி...

– என்ன சோமசேகரன், கையில இருக்குறதைச் சாச்சுட்டீங்க? புகைகூட நின்னுபோச்சே.

– இப்படிக் குடுங்க, நான் அமுக்குறேன். ஜன்னலையும் தெறந்துட்டேன். அத்தே, சார் கெளம்புறாரு, இப்ப டிவியில இருமினீங்களே, அதே மாதிரி இன்னொரு தரம் இருமுங்க.