பச்சோந்திக்கு மாட்டிய டியூப்

வீட்டில் பல்ப் மாற்றுவது எப்போதும் நான்தான். மகன் சாருஜன் பின்னேர ஷிப்ட்டுக்குப் போய்விடுவான். மருமகள் மேனுஜாவுக்கு ஏணி என்றால் பயம். இந்த நாட்டு டெனிஷ் மொழி எனக்கு நன்றாக வரும். இந்த இக்காஸ்ட் ஊர் முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் வேலை. இதை மட்டும் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்க்கிற தங்கச்சி, நான் அருவருப்பு என்று சொன்னால் நகரசபைக் கொம்யூன் அம்மாவுக்கு அப்படியே சொல்லுங்கள், குறைக்க வேண்டாம்.

மேனுஜாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பச்சோந்தியை வாங்கி வந்தாள். பாவம் என்று நானும் விட்டுவிட்டேன். வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு வலைக்கூடு, உள்ளே பச்சைச் செடி, மேலே சூட்டுக்கு ஒரு பல்ப், பக்கத்தில் நீளமான புறஊதாக்கதிர் டியூப். அந்த டியூப் இல்லாவிட்டால் எலும்பு இளகிவிடும், இந்த நாட்டு மாரியில் வெயிலுக்கு எங்கே போவது என்று அவளே எனக்கு விளங்கப்படுத்தினாள்.

அது சாப்பிடுவதை நீங்கள் பார்த்ததில்லை. பசை ஒட்டிய நாக்கு ஒன்று பாயும். உயிருள்ள சில்லூறுப் பூச்சியின் கால்கள் அதன் வாய்க்கு வெளியே உதறும். ஒரு கண் என்னைப் பார்க்கும், மற்றது என் சோற்றுக் கோப்பையைப் பார்க்கும். எனக்கு ஓங்காளித்துக்கொண்டு வரும். அரிசி வாளிக்குள்ளும் சில்லூறு எடுத்திருக்கிறேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். "அப்பம்மாட்டப் போங்கோ, செல்லம். அப்பம்மாக்கு இண்டைக்கு லீவு."

அந்தச் சொல்லைக் கேட்க எட்டு வருடம் காத்திருந்தவள் நான். அது குளிர்ந்த விரல்களால் என் கையைக் கவ்விக்கொண்டு ஏறியது. நான் சிரித்தேன். பிறகு மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

வளர்ப்புப் பிள்ளை கேட்டு மகனும் மருமகளும் விண்ணப்பித்து, கொம்யூன் அம்மா, நீங்கள் முதல் தரம் வந்த அன்று, மேனுஜா உங்களை நேரே அந்தக் கூட்டுக்கு முன்னால் கூட்டிப் போனாள். எவ்வளவு கவனமாக வளர்க்கிறாள் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பின்னர், நீங்கள் தரலாம் என்று சொன்ன நான்கு வயதுப் பெண்பிள்ளையின் படத்தை மேனுஜா என்னிடம் நீட்டினாள். "இவவும் உங்களை அப்பம்மா எண்டுதான் கூப்பிடுவா, மாமி."

அடுத்த கிழமை கூட்டிலிருந்த டியூபைக் கழற்றிவிட்டு, அதே நீளத்தில் சாதாரண டியூப் ஒன்று வாங்கி மாட்டினேன். சில்லூறில் தூவும் கல்சியம் போத்தலில் அரிசிமாவை நிரப்பினேன். வெளிச்சத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்று மாதம் எடுத்தது. முதலில் முன்னங்கால்கள் வளைந்தன. பிறகு தாடை மெதுமெதுத்தது. கடைசியில் வெளியே வந்த நாக்கு உள்ளே போகாமல் இலையில் இழுபட்டது. மேனுஜா சிறு குழாயால் அதன் வாயில் தண்ணீர் சொட்டவிட்டு அழுதாள்.

"ஒழுங்காப் பாத்தனீரோ, பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன். மிருக வைத்தியரிடம் கொண்டுபோகப் புறப்பட்டபோது, தோல் உரிக்கிற காலம், தானாக மாறும் என்று மறித்தேன். வயது போன ஆட்களைப் பார்த்த கை, அதனால் நம்பினாள். நீங்கள் இரண்டாம் தரம் வந்தபோது அது கொப்பிலிருந்து விழுந்து உங்கள் கண் முன்னாலேயே கிடந்து துடித்தது. கவனிப்புக் குறைவு என்று நீங்கள் எழுதியதை மேசைக்கு மறுபக்கமிருந்தே வாசித்தேன்.

விண்ணப்பத்தை மேனுஜாவே திருப்பி எடுத்தாள். "எனக்கு ஒரு சீவனையும் வளக்கத் தெரியாது, மாமி" என்று என் மடியில் விழுந்து அழுதாள். தலையைத் தடவிவிட்டேன். இப்போது வேலைக்கும் போவதில்லை, கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். சோறு நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

செத்த பச்சோந்தியை அறுத்துப் பார்த்த வைத்தியர் டியூபைக் கேட்டு வாங்கிச் சோதித்ததால்தானே இன்று வந்திருக்கிறீர்கள். ஓம், மாற்றியது நான்தான். அந்தப் பிராணிமேல் எனக்குக் கோபமில்லை. அதைப் பார்த்தபோது வந்த அதே ஓங்காளம்தான் அந்தப் படத்தைப் பார்த்தபோதும் வந்தது. யாரோ பெற்றது, யாருடைய எச்சிலோ, என் மடியில்.

ஆனாலும் என்னைப் பிழையாக எழுதிவிடாதீர்கள். நீங்கள் அந்தப் பிள்ளையை அனுப்பியிருந்தால் நான் எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டேன். மேனுஜா வேலைக்குப் போகிற நேரமெல்லாம் அந்தச் சின்னவளை நானே பார்த்திருப்பேன்.