ஒப்பிட வைத்த குப்பி

— தலையைத் தூக்காதக்கா. மல்லாக்கப் படு. எழுந்தா மறுபடியும் மண்டை இடிக்கும்.

— முதுகுல ஊசி குத்தினதுல இருந்து இதே பாட்டுதான். ஸ்கூல் வேன் ஓட்டுறவள ஃபேன் சுத்துறதை எண்ணிக்கிட்டுப் படுக்க வச்சுட்டீங்க. அந்தத் திரையை இழுத்து விடு, வெளிச்சம் கண்ணைக் குத்துது.

— சிலருக்கு அப்படித்தான் இருக்கும். போயிடும்.

— உனக்கு வரலையே. முட்டி ஆபரேஷனுக்கு மரத்துப்போறதுக்கு இதே இடத்துலதான போட்டாங்க? நீ என்னடான்னா, ‘அப்படியே முதுகுத் தண்ணியில ஒரு குப்பி பிடிச்சு எங்க லேபுக்கு அனுப்புங்க’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னவ. வேலைப் பைத்தியம்.

— லேபுல தேவைப்பட்டுச்சு, குடுத்தேன்.

— பட்டப்பகல்ல, தினம் ஏறுற படியில உருண்டு விழுந்தவளும் நீதான். கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சுட்டுப் போனியா? பாத்து, பாத்து. போட்டுட்டியா டம்ளரை.

— கை ஈரம். தொடைச்சிடுறேன்.

— விடு, காயட்டும். லேபுல இருந்து நேரா வர்றியா?

— ஆமா.

— அப்ப ரிசல்ட் தெரிஞ்சுதான் வந்திருக்க.

— இரு அக்கா, சொல்றேன். அது வந்து…

— சொல்லாத. மொதல்ல நான் ஒண்ணு கேக்கணும். சொன்னப்புறம் கேட்டா பாவம் பாத்து ஒத்துக்குவ. அது எனக்கு வேண்டாம்.

— என்ன கேக்கப் போற?

— எனக்கு அந்த நோய்தான்னா, என் பொண்ணு வாலு உன்கிட்டதான் வளரணும். அவங்கப்பன்கிட்ட போகக் கூடாது. அவன் கை ஓங்குனதை வாலு இன்னும் மறக்கல. கதவு படார்னு சாத்தினாகூட மூலையில போய் நிக்குது.

— அக்கா…

— இங்க பாரு, நான் யோசிச்சு முடிச்சுட்டேன். அன்னைக்கு சிக்னல்ல பிரேக் மேல கால் இருக்கா இல்லையானே தெரியல. பின்னாடி வண்டி முழுக்கப் புள்ளைங்க. அதோட சாவியை ஆணியில மாட்டினவதான், இன்னும் எடுக்கல.

— எனக்குப் புரியுதுக்கா.

— உனக்கு என்னடி புரியும்? சொந்தக் கால் யார் காலோ மாதிரி இருக்கும். பட்டவளுக்குத்தான் தெரியும்.

— ம்.

— அந்தக் கோடு கதையை இன்னொரு தடவை சொல்லு. டாக்டர் சொன்னது மண்டையில ஏறல.

— உடம்பைக் காப்பாத்துற புரதம் இருக்குல்ல, கிருமியோட சண்டை போடுறது. சிலருக்கு அந்தப் படை தடம் மாறி சொந்த நரம்பையே அரிக்க ஆரம்பிச்சிடும். அப்ப அந்தப் புரதம் முதுகுத் தண்ணியில சேரும். ஜெல்லுன்னு ஒரு கூழ் மேல விட்டு, கரண்டு வச்சு ஓட்டினா கோடு கோடா விழும். ரத்தத்துல இல்லாம தண்ணியில மட்டும் விழுந்தா சந்தேகம் உறுதியாயிடும்.

— பக்கத்துல நல்லா இருக்கவங்க தண்ணியையும் வச்சுப் பாப்பீங்கன்னியே.

— ஆமா, ஒப்பிட. அதுல கோடு விழக் கூடாது.

— சரி. இப்ப வாக்கு குடு. அப்புறம் ரிசல்ட்டைச் சொல்லு.

— முடியாதுக்கா.

— என்னது?

— வாலுவைக் கடைசி வரைக்கும் பாத்துக்குவேன்னு என்னால வாக்கு குடுக்க முடியாது.

— நீயா பேசுற? அவளுக்கு நடக்கச் சொல்லிக் குடுத்ததே நீ. உன்னைத்தான அவ மொதல்ல அம்மான்னு கூப்பிட்டா. கஷ்டம்னு வந்ததும் வயித்துல பொறக்கலைங்கிறது ஞாபகம் வந்துடுச்சா? போ. எந்திரிச்சுப் போ. என் மூஞ்சியிலயே முழிக்காத.

— உனக்குக் கோடு இல்லக்கா.

— என்ன சொன்ன?

— உன் தண்ணி சுத்தம். கழுத்துல எலும்பு விலகி நரம்பை அழுத்துதாம், ஸ்கேன்ல தெரியுது. ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிடலாம்கிறார் டாக்டர். நாளைக்கு உன்கிட்ட பேசுவார்.

— அடிப்பாவி. இதை வாயில வச்சுக்கிட்டா என்னை இவ்வளவு நேரம் புலம்ப விட்ட? திட்டினதெல்லாம் மறந்துடுடி. கிட்ட வா. ஏய், எதுக்கு அழற? அழ வேண்டியவ நானே சிரிக்கிறேன்.

— வேற ஒருத்தருக்கு விழுந்திருக்கு.

— யாருக்கு?

— ஒப்பிட வச்ச குப்பியில. ஜெல்தான் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டேன். புதுசுல ஓட்டினேன், மறுபடியும் விழுந்துச்சு. ரத்தம் எடுத்துப் பக்கத்துல வச்சும் பாத்தேன். ரத்தத்துல இல்ல, தண்ணியில மட்டும்தான்.

— ஐயோ பாவம். நல்லா இருக்கோம்னு நெனச்சுக் குடுத்தவங்கதான? அவங்களுக்குத் தெரியுமா?

— காலையிலதான் தெரிஞ்சுது.

— பாத்துக்க யாராச்சும் இருக்காங்களா அவங்களுக்கு?

— ஒரு அக்கா இருக்கா. வேன் ஓட்டுறா.